சாண்ட்விச் சொதசொதப்பது ஏன்? பிரெட்டையே தொடாதவர்களுக்கு ஒரு செய்முறை

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பெங்களூருவில் படிக்கும் பேரன் கோடை லீவுக்கு வந்திருக்கிறான். "ஆயா, சாண்ட்விச் செஞ்சு குடு" என்று தினமும் கேட்கிறான். களி கிண்டுவேன், கருவாட்டுக் குழம்பு வைப்பேன். பிரெட் என்றால் காய்ச்சலுக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் இட்லிச் சட்னியைத் தடவி, தக்காளி வைத்துக் கொடுத்தேன். சொதசொதவென்று ஊறி, கையில் எடுப்பதற்குள் பிய்ந்துவிட்டது. செல்போன் வீடியோவில் எல்லாவற்றையும் வேகமாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கேஸ் அடுப்பு, மிக்சி, ஃபிரிட்ஜ் இருக்கிறது, டோஸ்டர் இல்லை. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

பதில்: டோஸ்டர் வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டில் இருப்பதே போதும். முதலில் நீங்கள் செய்யப்போவது என்ன என்று சொல்லிவிடுகிறேன், வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான். இரண்டு பிரெட் துண்டு. நடுவில் ஏதோ ஒன்று. தட்டு இல்லாமல், கை பிசுபிசுக்காமல், நின்றுகொண்டே கடித்துத் தின்ன முடிய வேண்டும். உள்ளே என்ன வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. இங்கிலீஷ்காரர்கள் குளிர்ந்த மாட்டிறைச்சியை வைத்தார்கள். 1762-லேயே லண்டனில் பலர் இதைச் சாப்பிட்டதை வரலாற்றாசிரியர் கிப்பன் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மும்பைத் தெருவில் அதே பிரெட்டுக்குள் உருளைக்கிழங்கும் புதினாச் சட்னியும் போயின. உங்கள் பேரன் கேட்பது பெரும்பாலும் இந்த மும்பை வகையாகத்தான் இருக்கும். அதையே சொல்கிறேன்.

உங்களுடையது ஏன் பிய்ந்தது? தண்ணீர். வேறு காரணமே இல்லை. பிரெட் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். இட்லிச் சட்னியில் தண்ணீர், தக்காளியின் விதைப் பகுதியில் தண்ணீர், மேலே தூவிய உப்பு காயிலிருந்து இழுத்துவிட்ட தண்ணீர். மூன்றும் சேர்ந்து பிரெட்டுக்குள் இறங்கிவிட்டன. ஆகவே கீழே சொல்வதெல்லாம், தண்ணீர் பிரெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

சரி, கடைக்குப் போங்கள். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இனிப்பான மில்க் பிரெட். பாலில் தோய்க்க அது நல்லது. இதற்கு, இனிப்பு குறைவான சாண்ட்விச் பிரெட் என்று கேட்டு வாங்குங்கள், துண்டு அகலமாக இருக்கும். கிடைக்காவிட்டால் மில்க் பிரெட்டிலேயே செய்யுங்கள், சட்னியில் மிளகாய் ஒன்று கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். பாக்கெட்டில் கடைசித் தேதியைப் பாருங்கள். விரலால் லேசாக அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி எழ வேண்டும். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் பக்கத்துத் துண்டுகளுக்கும் போயிருக்கும். முழுப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான்.

வாங்கி வந்த பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பலரும் செய்வது இது. அந்தக் குளிரில் பிரெட்டில் உள்ள மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, வெளியில் இருப்பதைவிட வேகமாக வறட்டென்று ஆகிவிடும். இரண்டு நாளில் தீர்த்துவிடுவதாக இருந்தால் வெளியிலேயே, பாக்கெட் வாயை முறுக்கி வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் கட்டி வைக்கும் ஃபிரீசரில் போடலாம்.

அடுத்தது வெண்ணெய். இதை ருசிக்காக மட்டும் தடவுவதாக நினைத்துத்தான் பலர் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். வெண்ணெய்க் கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது. அதனால் பிரெட்டின் உள்பக்கம் முழுக்க, நான்கு மூலையும் ஓரமும் விடாமல், மெல்லிசாகத் தடவ வேண்டும். எங்கே வெண்ணெய் படவில்லையோ அங்கேதான் ஊறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெயைத் தடவினால் பிரெட் கிழியும். அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள். வீட்டில் மாடு இருந்து, கடைந்த வெண்ணெய் என்றால் இன்னும் நல்லது. ஆனால் அதில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி, கையால் நன்றாக அமுக்கிப் பிழிந்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு கலந்துகொள்ளுங்கள். நெய் இந்த வேலைக்கு ஆகாது. உருகி பிரெட்டுக்குள்ளேயே போய்விடும், மேலே தங்காது.

சட்னியில்தான் உங்கள் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒரு கட்டு கொத்தமல்லி, அதில் பாதி புதினா, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு துண்டு இஞ்சி, உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. கீரையை அலசியதும் உடனே மிக்சியில் போடாமல், துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். கூடவே ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. அரைக்கும்போது தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மிக்சி சுற்ற மறுத்தால் நிறுத்தி, கரண்டியால் ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். அப்படியும் முடியாவிட்டால் ஒரு கரண்டி தண்ணீர், அவ்வளவுதான். கீரையில் இருக்கும் ஈரத்தைப் பொட்டுக்கடலை பிடித்துக்கொள்ளும். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வழிந்தால் இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை போடுங்கள். தேங்காய் வேண்டாம், வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

காய்கள். உருளைக்கிழங்கை முந்தின வேளையே வேகவைத்து நன்றாக ஆறவிடுங்கள், சூடாக நறுக்கினால் உதிரும். ஆறியதை உங்கள் சுண்டுவிரல் கனத்தில் பாதி இருக்கும்படி வில்லை வில்லையாக நறுக்குங்கள். வெள்ளரிக்காயை அதைவிட மெல்லிசாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிகிற அளவுக்கு. இதற்கு வீட்டு அரிவாள்மனையே போதும். வெங்காயம் இரண்டு வளையம்.

தக்காளிக்கு உங்கள் ஊரைவிட வேறு எங்கே போக வேண்டும்? பாலக்கோடு மார்க்கெட்டிலும் ராயக்கோட்டையிலும் பெட்டி பெட்டியாக இறங்குகிறது. ஆனால் ரசத்துக்கு வாங்கும் நாட்டுத் தக்காளி இங்கே சரிவராது. தோல் மெல்லிசு, உள்ளே சாறு அதிகம். பெங்களூர்த் தக்காளி என்கிறோமே, கெட்டியாக, சதை தடிமனாக இருக்கும், அதை எடுங்கள். வட்டமாக நறுக்கி, விதையோடு இருக்கும் வழவழப்பை விரலால் தள்ளிவிட்டு, துணியின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். தள்ளியது வீணில்லை, மத்தியானக் குழம்புக்குப் போகட்டும். இது மாங்காய்க் காலம் வேறு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய், பாதி பழுத்தது கிடைத்தால் தக்காளியை விட்டுவிட்டு அதை மெல்லிசாக வையுங்கள். சாறு கசியாது, கடித்தால் நறுக்கென்று இருக்கும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். என் நாக்குக்குத் தக்காளியைவிட இதுதான் பொருத்தம்.

இப்போது அடுக்க வேண்டும். பாக்கெட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துண்டுகளையே எடுங்கள், விளிம்பு பொருந்தும். இரண்டின் உள்பக்கமும் வெண்ணெய், அதன்மேல் சட்னி. கீழ்த் துண்டின்மேல் உருளைக்கிழங்கு. அதன்மேல் மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு தூவுங்கள். உப்பைக் கிழங்கில் மட்டும் போடுங்கள், வெள்ளரியிலும் தக்காளியிலும் போட்டால் நீர் விட ஆரம்பிக்கும். பிறகு வெள்ளரி, தக்காளி, வெங்காயம். நீர் உள்ள காய்கள் நடுவில்தான் இருக்க வேண்டும். அப்புறம் மேல் துண்டை, சட்னிப் பக்கம் கீழே வருமாறு மூடி, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்குங்கள். வாயில் நுழைய வேண்டும் என்பதை மறக்காமல் அடுக்குங்கள். பாசத்தில் மலைபோல் அடுக்கினால் பக்கவாட்டில் எல்லாம் பிதுங்கிவிடும்.

இதையே அப்படியே சாப்பிடலாம். சுட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் விரும்புவார்கள். சப்பாத்திக்கல் தனியாக இருந்தால் அதில் சுடுங்கள். தோசைக்கல்லில் வெண்ணெய் தீய்ந்து பிடித்துக்கொண்டால் மறுநாள் தோசை எழும்பாது, அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு? கல் காய்ந்ததும் அடுப்பைச் சிறுதீயில் வைத்து, வெளிப்பக்கத்தில் லேசாக வெண்ணெய் தடவிப் போடுங்கள். மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் தண்ணீர் நிரப்பிய செம்பு. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். தோசைத் திருப்பியின் முனையால் மேலே கீறினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். தீயைக் கூட்டினால் வெளியே கருகிவிடும், உள்ளே சில்லென்றே கிடக்கும்.

எடுத்த உடனே தட்டில் படுக்க வைக்காதீர்கள், அடியில் ஆவி வேர்த்து மறுபடி நமத்துப்போகும். சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு மூலைக்கு மூலை வெட்டுங்கள். கத்தியை அமுக்காமல் ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும், பல் வைத்த கத்தி இருந்தால் வசதி.

பேரன் அடுத்து மயோனைஸ் கேட்பான், முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்யும் கெட்டியான வெள்ளைத் தடவல் அது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது, கிருமி பயம்தான் காரணம். முட்டை இல்லாததும் கடையில் கிடைக்கிறது. நானாக இருந்தால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின்மேல் இரவு முழுக்கத் தொங்கவிடுவேன். காலையில் இருக்கும் கட்டியில் உப்பும் மிளகும் ஒரு பல் பூண்டும் நசுக்கிப் போட்டால் அதே வேலையைச் செய்யும். காரம் பிடிக்கும் பிள்ளை என்றால், வறுத்த நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் பூண்டும் கொரகொரப்பாகப் பொடித்து வெண்ணெயில் குழைத்துத் தடவிப் பாருங்கள். காய் எதுவும் வேண்டாம், அதுவே ஒரு சாண்ட்விச்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் சுடாமல் கொடுங்கள், தக்காளி வேண்டாம். சுட்டதை டப்பாவில் அடைத்தால் ஆவியிலேயே ஊறிவிடும். வாழை இலையிலோ சுத்தமான பருத்தித் துணியிலோ சுற்றலாம். வெந்த கிழங்கும் பச்சைச் சட்னியும் இருப்பதால் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

பாக்கெட்டின் இரு முனையிலும் வரும் தடித்த ஓரத் துண்டுகளை யாரும் தொட மாட்டார்கள். அவற்றைப் பிய்த்து, வெங்காயம் தாளித்து, மஞ்சள் தூள் போட்டு உப்புமாவாகக் கிளறிவிடுங்கள். பிரெட்டைப் போடுவதற்கு முன் ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும்.