“கழுவிய டேங்க்” என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்

கேள்வி: களியக்காவிளைக்கு அருகில் சிறிய அளவில் விருந்துச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். பன்றி இறைச்சியையும் கோழியையும் புகையில் வாட்டித் தரும்படி பலர் கேட்பதால், பெரிய ஸ்மோக்கர் ஒன்றைச் செய்ய நினைக்கிறேன். கேரள எல்லைக்கு அப்பால் ஒரு பழைய இரும்புக்கடையில் ஐந்தடி நீளமும் இரண்டடி விட்டமும் உள்ள இரும்பு டேங்க் கிடக்கிறது. அது கேஸ் டேங்க் என்றும், கழுவி ஒரு வருடம் வெயிலில் போட்டிருந்ததால் வாசமே இல்லை என்றும் தரகர் சொல்கிறார். உள்ளே கேஸ் இல்லை என்று சொல்லும் ‘கேஸ் ஃப்ரீ’ சான்றிதழும் தருகிறாராம். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். பட்டறையில் கொடுத்து வெட்டலாமா? அதில் சமைத்தால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

பதில்: வெட்டாதீர்கள். முன்பணம் திரும்பி வராவிட்டாலும் அந்த டேங்கைக் கொண்டுவர வேண்டாம். சமைப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில், பட்டறையில் அதன்மேல் கட்டிங் டார்ச் (தீச்சுடரால் இரும்பை வெட்டும் கருவி) பிடிக்கப்போகும் பையனின் உயிரைப் பற்றிப் பேச வேண்டும்.

காலி டேங்க் பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், கேஸ் நிறைந்து காற்றுக்கு இடமில்லாத டேங்கைவிட, கேஸ் தீர்ந்து உள்ளே காற்றுப் புகுந்த டேங்கில்தான் வெடிப்பதற்கு வேண்டிய கலவை எளிதாக உருவாகும். சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அளவுள்ள டேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 440 லிட்டர். அதில் 2 சதவீதம் என்பது 9 லிட்டர் கேஸ். திரவ நிலையில் உள்ள எரிவாயு ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரிவதால், அந்த 9 லிட்டருக்கு வேண்டிய திரவம் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உள்சுவரில் படிந்த துருவின் செதில்களுக்கு அடியிலும் வெல்டிங் தையலின் இடுக்கிலும் அடியில் தேங்கிய பிசுக்கிலும் அந்த அளவு ஒளிந்திருக்கக்கூடும். தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது; டார்ச்சின் சூடு பட்டவுடன் ஆவியாகி வெளியே வரும்.

வெயிலில் ஒரு வருடம் கிடந்தது என்பதற்கும் பொருள் இல்லை. வால்வு மூடியிருந்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். திறந்திருந்தாலும் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கிவிடக்கூடும். ‘வாசமே இல்லை’ என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கந்தகம் சேர்ந்த மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். பழைய டேங்கின் துரு அந்த மணப்பொருளை உறிஞ்சி மாற்றிவிடும். மூக்குக்கு எதுவும் தெரியாத டேங்கிலும் கேஸ் இருக்கலாம்.

நான் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பட்டறையில் 200 லிட்டர் டீசல் பீப்பாய் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியாக்குவதற்காக மூடியை வெட்ட முனைந்தார்கள். சோப்புத் தூள் போட்டு இரண்டு முறை கழுவியதை நானே பார்த்தேன். டார்ச் வைத்து ஒரு சாண் தூரம்கூட வெட்டியிருக்க மாட்டார்கள்; பீப்பாயின் அடித்தகடு முழுதாகப் பெயர்ந்து கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போனது. வெட்டிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததால் கை விரல்களில் பட்ட காயத்தோடு உயிர் தப்பினார். எளிதில் பற்றாது என்று நாம் நினைக்கும் டீசலுக்கே இந்த நிலை.

இனி அந்தச் சான்றிதழைப் பார்ப்போம். ஒரு கலத்தில் கேஸ் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், வெட்டும் இடத்தில், வெட்டும் நாளில், வெட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கேஸ் அளக்கும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மறுநாள்கூட மதிப்பில்லை. தரகர்கள் தருவது அச்சடித்த தாள். அதில் டேங்கின் எண்ணும் இருக்காது, சோதித்தவரின் பெயரும் இருக்காது. எந்த டேங்குக்கும் பொருந்தும். இந்தத் தாளைக் காட்டியே எத்தனையோ டேங்குகள் கைமாறுகின்றன. சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்படி, 1,000 லிட்டர் வரை கொள்ளளவுள்ள அழுத்த வாயுக் கலங்கள் உருளை என்ற கணக்கில் வருகின்றன. பயனற்றது என்று கழிக்கப்பட்ட உருளையை நசுக்கியோ, மீண்டும் ஒட்டவைக்க முடியாத துண்டுகளாக வெட்டியோ அழித்துவிட வேண்டும். ஆகவே, பழைய இரும்புக்கடையில் கேஸ் உருளை ஒன்று முழு உருவத்தோடு கிடந்தால், அது முறையாகக் கழிக்கப்பட்டு அங்கே வந்ததல்ல. வீட்டில் இருக்கும் 14.2 கிலோ உருளையும் ஓட்டலில் இருக்கும் 19 கிலோ உருளையும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. நாம் வைப்புத்தொகை கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவே.

இவ்வளவு தெளிவான விதியை ஒரு பழைய இரும்புக்கடை வாசலிலாவது தமிழிலும் மலையாளத்திலும் நான்கு வரி எழுதி ஒட்டக்கூடாதா? எல்லையில் கோழி வண்டியையும் அரிசி வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம் என்பதால், டேங்க் எங்கிருந்து வந்தது என்று இருபுறமும் கேட்பதில்லை. இதைப் பற்றிக் கேட்கப் போன என்னை ஓர் அலுவலகத்தில் மூன்று மேசைகளுக்கு அலையவிட்டு, கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸில் பழைய புரோப்பேன் டேங்கில் ஸ்மோக்கர் செய்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் அதைக் காட்டும் காணொளி பெரும்பாலும் டேங்கை வெட்டிய பிறகுதான் தொடங்குகிறது; அதற்கு முன்னால் வால்வைக் கழற்றியது, நாள்கணக்கில் திறந்து வைத்தது, தண்ணீர் நிரப்பியது எதுவும் அதில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் கையை வைக்க வேண்டாம். இரண்டு முனைகளும் உட்புறமாகக் குழிந்த பெரிய உருளை கண்ணில் பட்டால் அதன் அருகிலேயே போகாதீர்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் வைக்கும் டன்னர் அப்படித்தான் இருக்கும்.

பழைய டேங்கில்தான் செய்ய வேண்டும் என்றால், நான் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்று: ஏர் கம்ப்ரஸர் டேங்க். அதற்குள் காற்றைத் தவிர வேறு எதுவும் அடைக்கப்பட்டதில்லை. ஆனாலும் அது காற்று டேங்க்தான் என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யக்கூடாது. மேலே மோட்டார் உட்கார்ந்திருந்த தட்டும் அதன் போல்ட் துளைகளும் இருக்கிறதா, அடியில் தண்ணீர் வடிக்கும் குழாய் இருக்கிறதா, தயாரிப்பாளரின் பெயர்ப்பலகை ரிவெட்டோடு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகையைப் பிடுங்கிய டேங்க் வேண்டாம்; பிடுங்கியவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கிறது. காற்று டேங்கிலும் கம்ப்ரஸர் ஆயில் காற்றோடு போய் அடியில் கருத்த பிசினாகப் படிந்திருக்கும், அதுவும் சூட்டில் ஆவியாகும். அதனால் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டு, சலவைச் சோடா கரைத்த கொதிநீரால் கழுவி, வெட்டப்போகும் கோட்டுக்கு நான்கு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே இரும்பு அறுக்கும் கிரைண்டரால் முதல் வெட்டைப் போட வேண்டும். 440 லிட்டர் டேங்கில் தண்ணீர் நிரம்பினால் இரும்போடு சேர்ந்து அரை டன்னுக்கு மேல் கனம் வரும். செங்கல் அடுக்கி நிறுத்தாதீர்கள், தரையிலேயே கிடத்தி இரண்டு பக்கமும் ஆப்பு வையுங்கள். வெட்டிய பிறகு உள்ளே பார்த்தால், தகடு பொரிந்து ஊசித்துளைகளாக இருந்தால் அதைக் கைவிட வேண்டியதுதான்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இதையும் செய்ய மாட்டேன். உருட்டும் இயந்திரம் உள்ள பட்டறையில் 5 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதாரண மென்னிரும்பு) தகட்டை உருட்டி வாங்குவேன். ஐந்தடிக்கு இரண்டடி உருளைக்கு இரு முனைத் தகடுகளையும் சேர்த்து சுமார் 140 கிலோ இரும்பு போகும். பழைய டேங்கை விடச் செலவு கூடும். ஆனால் கழுவும் கூலி, வெட்டும் கூலி, பெயின்ட் சுரண்டும் கூலி இல்லை. எதிலே என்ன இருந்தது என்ற கேள்வியும் இல்லை.

விறகு எரியும் பெட்டியை உருளையின் ஒரு முனையில், அதன் நடுமட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள். சமைக்கும் அறையான உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். உங்கள் அளவுக்கு ஒவ்வொரு பக்கமும் 53 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி சரியாக இருக்கும். தீ நேரடியாகப் படும் இடம் என்பதால் அதற்கு 6 மில்லிமீட்டர் தகடு போடுங்கள். புகைபோக்கியை எதிர் முனையில், இறைச்சி வைக்கும் கம்பி வலையின் மட்டத்திலிருந்து புகையை இழுக்கும்படி வையுங்கள். உருளையின் உச்சியில் வைத்தால் சூடு இறைச்சியைத் தொடாமல் மேலேயே ஓடிவிடும். வெப்பமானியும் வலை மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அடர்ந்த புகைதான் நல்லது என்று தோன்றும். அங்கே சூடு 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. இறைச்சிக்கு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வேண்டும், புகையோ மெல்லியதாக, நீலம் கலந்ததாக இருக்க வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம் என்று பொருள், இறைச்சி கசக்கும்.

கெடுதல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பூச்சில்லாத கருப்பு இரும்பில் கெடுதல் இல்லை. ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய தகடும் வலையும் கூடாது, வெல்டிங் செய்யும்போது துத்தநாகப் புகை எழுந்து அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வதை நம்ப வேண்டாம். உட்புறம் பெயின்டும் பிரைமரும் அடிக்கக்கூடாது. முதல் நாள் உணவு எதுவும் வைக்காமல் நான்கைந்து மணி நேரம் கடுந்தீ எரித்து, ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, மீண்டும் இளந்தீ எரியுங்கள். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதைப் போன்றதுதான்.

விறகு விஷயத்தில் உங்கள் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. முந்திரி ஆலைகளில் அண்டித்தோடு (முந்திரிக்கொட்டையின் ஓடு) மலிவாகக் கிடைக்கும். நன்றாக எரியும் என்று வண்டியோடு கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தத் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்வது; அதன் புகையை இறைச்சியில் ஏற்றக்கூடாது. மரச்சாமான் பட்டறையிலிருந்து வரும் ரப்பர் மரத்துண்டுகளும் வேண்டாம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றியவை அவை. மா, கொய்யா, புளி ஆகியவற்றை வாங்கி, பிளந்து, மழை படாமல் ஆறு மாதம் அடுக்கி வைத்து எரியுங்கள்.

தரகரிடம் தொலைபேசியில் பேசும்போது, அந்த டேங்கில் முதலில் என்ன இருந்தது என்றும், எந்த நிறுவனத்திலிருந்து எந்தத் தாளோடு வந்தது என்றும் மட்டும் கேளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால், ஒரு நாள் கூலி போனது என்று விட்டுவிட்டு, மேலே சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தகடு உருட்டும் பட்டறைக்குப் போங்கள்.