மருமகன் கட்டாருக்கு ஆடலாமா?

கடிதம்:

அன்பின் அண்ணனுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். பந்துவீச்சில் கெட்டிக்காரன். கம்பனி அணியில் ஆடத் தொடங்கி, இப்போது அங்குள்ள பெரிய லீக் ஒன்றில் ஆடுகிறான். இன்னும் கொஞ்சக் காலம் இருந்தால் கட்டார் தேசிய அணிக்கே முயற்சி செய்யலாம் என்று பயிற்சியாளர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே பேச்சு. "பொறந்த நாட்ட விட்டுட்டு இன்னொரு நாட்டு சட்டைய போடுறதா? முரளி அப்படிப் போனாரா?" என்கிறார்கள். அக்காவும் குழம்பிப் போயிருக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகர், தலவாக்கலை

பதில்:

அன்பின் தம்பி,

ஆடட்டும். அக்காவிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

முரளியை இதற்குள் இழுப்பது சரியில்லை. அவருடைய தாத்தா 1920இல் தோட்ட வேலைக்கு வந்தவர், உண்மைதான். ஆனால் முரளி வளர்ந்தது லயத்தில் அல்ல. அப்பாவுக்குக் கண்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே ஒழுங்கான ஆடுகளம், பயிற்சியாளர், வருடா வருடம் பாடசாலைப் போட்டிகள் எல்லாம் இருந்தன. 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள். அதன் பிறகும் குடும்பம் இங்கேயே இருந்தது, அவர் மொத்தம் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார், அதில் 795 இந்த நாட்டுக்காக. பெருமைப்படுவோம். ஆனால் உங்கள் மருமகன் எங்கே பழகியிருப்பான்? காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், சரிவில், டெனிஸ் பந்தில். கீழ்ப்பக்கம் அடித்துப் பந்து தேயிலைக்குள் போனால் ஆறு ஓட்டம் கிடையாது, அவுட். அடித்தவனே இறங்கிப் போய்த் தேடவும் வேண்டும். (எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் தரையோடு அடிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.) அங்கிருந்து இலங்கை அணிக்குப் போகும் பாதையை யாராவது அவனுக்குக் காட்டினார்களா? காட்டாதவர்கள் இப்போது நாட்டுப்பற்றுப் பேசுவது கொஞ்சம் அதிகம்.

அவனுக்குக் கதை சொல்வதென்றால் பேசில் டி ஒலிவேராவின் கதையைச் சொல்லுங்கள். கேப்டவுனில் 1931இல் பிறந்தவர். தென்னாபிரிக்காவின் இனவாதச் சட்டப்படி வெள்ளையர் அல்லாதவர், ஆகவே எத்தனை சதம் அடித்தாலும் நாட்டின் அணியில் இடமில்லை. 1958இல் ஜோன் ஆர்லட் என்ற இங்கிலாந்து வர்ணனையாளருக்குப் பச்சை மையில் ஒரு கடிதம் எழுதினார், அங்கே எங்காவது ஆட வழி கிடைக்குமா என்று. ஆர்லட் விடாமல் முயன்று, 1960இல் மிடில்டன் என்ற லீக் அணியில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். ஒரு பருவத்துக்கு 450 பவுண். போகிற செலவுக்கு ஊர்ச் சனம் சேர்ந்து பணம் திரட்டியது. நம் ஊரில் கட்டாருக்கு அனுப்ப அக்காமார் நகையை அடகு வைக்கிற மாதிரி என்று வையுங்கள். இங்கிலாந்தில் இறங்கியவருக்கு, வெள்ளைக்காரர் ஒருவர் தனக்குச் சாப்பாடு பரிமாறியதே நம்ப முடியாமல் இருந்ததாம். ஈர ஆடுகளம் பிடிபடாமல் முதல் சில ஆட்டங்களில் தடுமாறினார். பருவம் முடியும்போது அந்த லீக்கின் துடுப்பாட்டச் சராசரிப் பட்டியலில், மேற்கிந்தியத் தீவுகளின் பெரிய ஆட்டக்காரர் சோபர்ஸுக்கும் மேலே நின்றார்.

அப்புறம் வூஸ்டர்ஷையர் கவுண்டி அணி, பிரித்தானியக் குடியுரிமை, 1966இல் இங்கிலாந்துக்கு முதல் டெஸ்ட். அப்போது வயது 34. உண்மையைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்று வயதைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். யார் குறை சொல்வது? அவருடைய நல்ல வருடங்களை எல்லாம் அந்த நாடு தின்றுவிட்டது.

1968இல் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாபிரிக்கா போக இருந்தது. சதம் அடித்து சில நாட்களில் அணியை அறிவித்தார்கள், இவர் பெயர் இல்லை. தானாக விலகிக்கொண்டால் தென்னாபிரிக்காவில் நல்ல சம்பளத்தில் பயிற்சியாளர் வேலை என்று அதற்கு முன்பே ஆசையும் காட்டிப் பார்த்திருந்தார்கள். அவர் மடங்கவில்லை. பிறகு அணியில் இருந்த கார்ட்ரைட் காயத்தால் விலக, அந்த இடத்துக்கு இவரை எடுத்தார்கள். உடனே தென்னாபிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த அணியை ஏற்க மாட்டோம் என்றார், சுற்றுப்பயணமே நின்றுபோனது. 1970இன் ஆரம்பத்தோடு தென்னாபிரிக்காவுக்குச் சர்வதேச ஆட்டம் இல்லாமல் போய், திரும்பி வர 1991 ஆனது. இவர் இங்கிலாந்துக்காக 44 டெஸ்ட் ஆடி 2484 ஓட்டம் எடுத்தார். இன்று அந்த இரண்டு நாடுகளும் டெஸ்ட் தொடரில் மோதுவது அவர் பெயரிலுள்ள கிண்ணத்துக்காக. பிறந்த நாட்டுக்கு இவரைவிடப் பெரிய நன்மை செய்த ஆட்டக்காரர் யாரென்று லயத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் மருமகனுக்கும் டி ஒலிவேராவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான். சர்வதேச கிரிக்கெட் விதிப்படி, பிறப்போ கடவுச்சீட்டோ இல்லாவிட்டாலும், ஒரு நாட்டில் தொடர்ந்து 3 வருடம் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். கட்டார் அணியில் பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என்று போன நம்மைப் போன்றவர்கள்தான். தொப்பி கிடைக்கும், குடியுரிமை கிடைக்காது. விசா வேலையோடு கட்டியது. வேலை போனால் நாட்டுக்காக எடுத்த விக்கெட் ஒன்றும் விமான நிலையத்தில் உதவாது. டி ஒலிவேராவுக்குக் கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது.

இந்த மாதிரி வாழ்க்கை நமக்குப் புதிதா, தம்பி? தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களை 1948 குடியுரிமைச் சட்டம் ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தக் கணக்குத் தீர்ந்தது. அந்த மலையில் பிறந்த பையனிடம் போய் நாட்டுக்குத் துரோகம் என்று பேசுகிறவர், தன் தாத்தாவின் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பழைய தாள்களைப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆகவே ஆடட்டும், கணக்கோடு ஆடட்டும். கம்பனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். காயம்பட்டால் செலவு யாருடையது என்பதை இப்போதே கேட்கட்டும். இரவு வேலை முடித்த கையோடு வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போய்ப் பந்து வீசினால் தோள் போய்விடும், அப்புறம் லொறியும் ஓட்ட முடியாது. இலங்கையின் கதவு மூடிவிடுமோ என்று அக்கா பயந்தால், ஒயின் மோர்கன் அயர்லாந்துக்கு ஆடியவர், பிறகு இங்கிலாந்துத் தலைவராக 2019 உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர் என்று சொல்லுங்கள்.

ஒன்றை எழுத மறந்துவிட்டீர்கள். பையன் வேகப்பந்தா, சுழலா?