சிலிண்டர் பாரமாக இருக்கிறது, அடுப்பில் தீ இல்லை

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "விசேட வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். 12.5 கிலோ சிலிண்டரைப் பெரிய அடுப்பில் பூட்டிக் கிடாரம் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்தில் தீ இறங்கிவிடுகிறது. தூக்கிப் பார்த்தால் பாரமாகத்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் தண்ணீர் வடிகிறது. மார்கழி, தை விடியற்காலையில் இன்னும் மோசம். உதவிக்கு வரும் தம்பி சுடுதண்ணீர் ஊற்றுகிறார், சில வேளை சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்; தீ எழும்புகிறது. இது சரியா? கடையில் நிறை குறைத்துத் தருகிறார்களா?"

அம்மா, முதலில் படுக்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். நிமிர்ந்து நின்றால் மேலே தேங்கும் ஆவி மட்டும் ரெகுலேற்றருக்குப் போகும். படுத்தால் திரவமே போகும். ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்ததும் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். அந்தத் தீயை அடுப்பும் தாங்காது, பக்கத்தில் நிற்பவரும் தாங்கமாட்டார்.

நிறைக் கணக்கை நீங்களே பார்க்கலாம். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் வரும் நிறையிலிருந்து அதைக் கழியுங்கள். தீ இறங்கிய சிலிண்டரைச் சில மணித்தியாலம் சும்மா விட்டுப் பற்றவைத்தால் பழையபடி எரியும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். தீர்ந்துபோனது காஸ் அல்ல, வெப்பம்.

திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். சமையல் எரிவாயு ஒரு கிலோ ஆவியாக ஏறத்தாழ 360 கிலோயூல் மறைவெப்பம் தேவை. அது வெளிக்காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டு அடுப்பு மெதுவாக இழுப்பதால் காற்று தரும் வெப்பமே போதும். விசேடத்துக்கு மூட்டும் பெரிய அடுப்போ மணிக்கு ஒரு கிலோவுக்கு மேலும் இழுக்கக்கூடும். வெளியிலிருந்து வருவது போதாதபோது திரவம் தன் சொந்த வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துவிடும். வெளியிலிருந்து வெப்பமே வராது என்று வைத்துக்கொண்டால், 8 கிலோ திரவம் உள்ள சிலிண்டரிலிருந்து ஒரு கிலோவை எடுக்கும்போது வெப்பநிலை சுமார் 14 பாகை இறங்கும். இரண்டு மூன்று கிலோ மட்டுமே மிஞ்சியிருந்தால் ஏறத்தாழ 30 பாகை இறங்கும். கடைசிப் பகுதி எப்போதும் உங்களைக் கைவிடுவது இதனால்தான்.

குளிர்ந்தால் அமுக்கமும் விழும். இதில் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டும் கலந்திருக்கின்றன. 2021 இறுதியில் நாட்டின் பல இடங்களில் எரிவாயு விபத்துகள் நடந்தபோது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர்கள் இவை. புரொப்பேனின் கொதிநிலை −42 பாகை, பியூட்டேனுக்கு −0.5 பாகை. புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிடுவதால் போகப்போகப் பியூட்டேனே அதிகம் மிஞ்சுகிறது. 10 பாகைக்குக் குளிர்ந்த பியூட்டேனின் அமுக்கம் வெளிக்காற்றைவிட அரை பார் (அதாவது வெளிக்காற்றின் அமுக்கத்தில் ஏறத்தாழப் பாதி) அளவுதான் கூடுதல். உயரமுக்க அடுப்புக்கு அது போதாது. தை மாத விடியலில் காற்றே குளிர்ந்திருப்பதால் இந்த இறக்கம் சீக்கிரம் தொடங்கிவிடுகிறது.

வெளியே வடிவது கசிவு அல்ல. யாழ்ப்பாணக் காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பில் படிகிறது. திரவம் நிற்கும் உயரம் வரைதான் அது நன்றாக வியர்க்கும் என்பதால், மிச்சம் எவ்வளவு என்பதையும் அந்தக் கோடு காட்டிவிடும்.

சுடுதண்ணீர் வேண்டாம். சூடாகும்போது திரவம் விரியும். அதற்கென்று விட்டிருக்கும் வெற்றிடம் சிறியது. விறகடுப்பின் பக்கத்தில் நகர்த்தி வைப்பது அதைவிட ஆபத்து. சாக்கால் போர்த்துவதும் பயனற்றது, ஏனெனில் சிலிண்டருக்குள் காப்பாற்ற வேண்டிய சூடு எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத்தான் சாக்கு தடுக்கும். அதற்குப் பதில் அப்போதே அள்ளிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றுங்கள். நம் கிணற்று நீர் விடியற்காலையிலும் ஏறத்தாழ 28 பாகையில் இருக்கும்; குளிர்ந்த சிலிண்டருக்கு அதுவே தாராளமான வெப்பம். காற்றைவிட நீர் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கொடுக்கும். ரெகுலேற்றர் மட்டும் நனையக் கூடாது.

ஆனாலும் தொடர்ந்து இந்தத் தொழில் செய்பவருக்கு நான் சொல்வது இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைப்பதுதான். ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஆவியாகும், வெப்பம் வாங்கும் பரப்பு இரட்டிப்பாகும். இணைப்பைப் பயிற்சி பெற்றவரிடமே செய்வியுங்கள். இடவசதி இருந்தால் 37.5 கிலோ சிலிண்டரும் நல்லது. எதுவானாலும் காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் குசினித் தரையிலேயே தேங்கி நிற்கும்.

மூட்டுகளில் எங்கேனும் ஒரு புள்ளியில் மட்டும் வெண்பனி படிந்தால் அதைச் சாதாரண வியர்வையாக எண்ண வேண்டாம். வால்வை மூடி, சவர்க்கார நுரை பூசி மெதுவாகத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் உடனே மூடி, அந்தச் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு விற்பனையாளரை அழையுங்கள்.