ஐந்து கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சொல்

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியும் தினமும் வேர்டில் ஆடுகிறோம். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் ஆட்டம் அது. நாம் போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் தவறினால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். மூன்று எழுத்து கிடைத்த பிறகும் எனக்குச் சொல் பிடிபடுவதில்லை. போன வாரம் முதல் வரியில் ‘கிரேன்’ (crane) போட்டேன். சி, ஆர், ஏ மூன்றும் மஞ்சள். என், ஈ சாம்பல். அரை மணி நேரம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. விடை ‘பார்ச்’ (parch) என்று பேத்தி காட்டியதும், தெரிந்த சொல்தானே என்று வருத்தமாகிவிட்டது. ஐந்தெழுத்துச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தால் சரியாகுமா?

பதில்: மனப்பாடம் வேண்டாம், அம்மா. இந்த ஆட்டத்தை ஜோஷ் வார்டில் தம் இணையர் பாலக் ஷாவுக்காக உருவாக்கி, 2021 அக்டோபரில் எல்லோரும் ஆடும்படி விட்டார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் 12,000க்கும் மேல் உண்டு. அவற்றில் பழக்கமானவற்றைப் பாலக் ஷா பிரித்துக் கொடுத்தார். விடைப் பட்டியல் சுமார் 2,300 சொற்களில் வந்து நின்றது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஆட்டத்தை வாங்கிய பிறகு சில சொற்களைச் சேர்த்தார்கள், சிலவற்றை எடுத்தார்கள். ஆனாலும் விடை அநேகமாக நமக்குத் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது. ‘பார்ச்’ உங்களுக்குத் தெரிந்திருந்தது. தேடிய வழிதான் உங்களை வேறு பக்கம் கூட்டிப்போய்விட்டது.

எந்த வழி? ஒலி. ‘கிரேன்’ என்று போட்டபோது சி என்ற எழுத்து ‘க்’ என்று ஒலித்தது. அதே ஒலியைப் பிடித்துக்கொண்டு கார், கேர், ரேக் என்று தேடியிருப்பீர்கள். விடையிலோ அதே சி, ஹெச்சோடு சேர்ந்து ‘ச்’ ஆகிவிட்டது. தமிழ் படித்து வளர்ந்த நமக்கு எழுத்தைச் சொன்னாலே ஒலியும் கூடவே வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் காலை வாரும். ‘நைஃப்’ முதலில் கே நிற்கிறது. காதுக்கு அது கேட்பதே இல்லை.

ஆனால் நம்மிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது, அது இங்கே நன்றாகவே உதவும். பள்ளியில் மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். சொல்லின் முதலில் வருவன 22, இறுதியில் வருவன 24 என்று நன்னூல் கணக்கே சொல்கிறது. எந்த எழுத்து எங்கே நிற்கும், எதன் பக்கத்தில் எது வரும் என்ற அந்தக் கண்ணோடு ஆங்கிலத்தையும் பாருங்கள். அங்கே யாரும் சூத்திரம் எழுதிவைக்காவிட்டாலும் வழக்கம் உறுதியாக இருக்கிறது. க்யூ வந்தால் அநேகமாகப் பின்னாலேயே யூ வரும். சியும் கேயும் சேர்ந்து ஒரு சொல்லைத் தொடங்காது, முடிக்கும். ஹெச் நடுவிலோ கடைசியிலோ வந்தால் அதற்கு முன்னால் சி, எஸ், டி, பி, ஜி இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் ஆட்டத்துக்கே வருவோம். காகிதத்தில் ஐந்து கட்டம் போடுங்கள். சி முதல் கட்டத்தில் இல்லை, ஆர் இரண்டாவதில் இல்லை, ஏ மூன்றாவதில் இல்லை. இவ்வளவும் ஆட்டமே சொல்லிவிட்டது. உயிரெழுத்தை முதலில் உட்கார வையுங்கள்; மற்றவை அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். ஏ முதல் கட்டத்தில் என்றால் ஆக்டர் வருகிறது, நெடியைச் சொல்லும் அக்ரிட் (acrid) வருகிறது. இரண்டாவதில் வைத்தால் மார்ச், பார்ச், குளிர்நாட்டு மரமான லார்ச் (larch), மேக்ரோ (macro). நான்காவதில் வைத்தால் ஸ்கிராப் (scrap), ஸ்கிராம் (scram), தேவாலயத்தின் விக்கர் (vicar). ஐந்தாவதில் வைத்துப் பார்த்தேன். அன்றாடச் சொல் எதுவும் அமையவில்லை. அரை மணி நேரம் ஒன்றுமே தோன்றாத இடத்தில் ஒன்பது சொற்கள் கிடைத்துவிட்டன!

இந்த ஒன்பதில் எதைப் போடுவது? நான் ‘மார்ச்’ போடுவேன். விடையே அதுவாக இருந்தால் முடிந்தது. கடைசி நான்கும் பச்சையானால் லார்ச் அல்லது பார்ச். ஆர் மட்டும் பச்சையாகி, ஏயும் சியும் மஞ்சளாகி, எம் சாம்பலானால் அக்ரிட் அல்லது ஸ்கிராப். எம்மும் மஞ்சளானால் ஸ்கிராம். ஏ, ஆர், சி மூன்றும் மஞ்சளாகவே நின்றால் ஆக்டர் அல்லது விக்கர். எம்மும் ஏயும் பச்சையாகி மற்ற இரண்டும் மஞ்சளானால் மேக்ரோ. எந்த நிறம் வந்தாலும் இந்த ஒன்பதில் இரண்டுக்கு மேல் மிஞ்சாது. ஒரு சொல்லைப் போடும்முன், அது விடையாக இல்லாமல் போனாலும் மற்றவற்றை எப்படிப் பிரித்துக் காட்டும் என்று பார்க்கப் பழகுங்கள்.

இடத்தைப் பற்றி இரண்டு கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும். ஆட்டத்தின் பழைய விடைப் பட்டியலில் 424 சொற்கள் ஈயில் முடிந்தன, 364 சொற்கள் ஒய்யில் முடிந்தன. மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டது. எஸ் நேர்மாறு: 366 சொற்கள் அதில் தொடங்கின, முடிந்தவை வெறும் 36. எஸ் சேர்த்த சாதாரணப் பன்மைகளை விடையாக வைக்காததே காரணம். ஆகவே எஸ் மஞ்சளாக வந்தால் முதல் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்து இரண்டு முறை வரலாம் என்பதையும் மறந்துவிடுகிறோம். நம் ‘கறி’ ஆங்கிலத்துக்குப் போய் ‘கரி’ (curry) ஆனபோது இரண்டு ஆர் வாங்கிக்கொண்டது. நம் வீட்டுச் சொல்லே நம்மை ஏமாற்றிவிடும்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாதவர்கள் குறைவு. இரண்டாவது வரியில் ‘லைட்’ (light) போடுகிறீர்கள். எல் மட்டும் சாம்பல், மற்ற நான்கும் பச்சை. மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் எய்ட், ஃபைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று ஏழு சொற்கள் வரிசையில் நிற்கின்றன, கையில் நான்கு வரிதான். ஒவ்வொன்றாகப் போட்டால் தோற்கவும் கூடும். அங்கே விடையை மறந்துவிட்டு, பெரணிகளைக் குறிக்கும் ‘ஃபெர்ன்ஸ்’ போடுங்கள். எஃப், ஈ, ஆர், என், எஸ் ஐந்தையும் ஒரே வரியில் சோதித்துவிடலாம். எது நிறம் மாறுகிறதோ அதுவே முதலெழுத்து. எல்லாம் சாம்பலானால் மைட், டைட் இரண்டுதான் மிச்சம். ஐந்தாவது வரிக்குள் முடிந்துவிடும்.

ஆட்டத்தின் அமைப்பில் ‘ஹார்ட் மோட்’ போட்டிருக்கிறதா என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது போட்டிருந்தால் கிடைத்த எழுத்துகளைக் கட்டாயம் சேர்த்தே ஆக வேண்டும், ‘ஃபெர்ன்ஸ்’ ஏற்காது. பழகும் வரை அதை நிறுத்திவைக்கலாம். பழகுவதற்கு ஒன்லுக் என்ற இணைய அகராதி இருக்கிறது. தெரிந்த எழுத்தை அதன் இடத்தில் வைத்து, தெரியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் பொருந்தும் சொற்களைக் காட்டும். அன்றைய ஆட்டம் முடிந்த பிறகு, எந்தெந்தச் சொற்களை விட்டோம் என்று இருவருமாக அதில் பாருங்கள்.