'எ' எங்கே, 'தி' எங்கே? ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி: மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்', எச் எழுத்தில் தொடங்குகிறது, ஆனால் 'அன்' போடுகிறோம். யுனிவர்சிட்டிக்கு 'எ' போடுகிறோம். ஏன் மேடம் இப்படி?

பதில்: எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'அவர்' என்பதில் எச் ஒலிப்பதே இல்லை, உயிரொலிதான் முதலில் வருகிறது. யுனிவர்சிட்டியில் முதலில் வருவது 'ய்' என்ற மெய்யொலி. அதனால்தான் அன் எம்எல்ஏ, ஆனால் எ மெம்பர்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'எ', 'தி' வித்தியாசம் தமிழிலேயே இல்லையே, எப்படிப் பிடிபடும்?

பதில்: இருக்கிறது தம்பி! "நேற்று புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "நேற்று புத்தகத்தை வாங்கினேன்" என்றால், நாம் ஏற்கெனவே பேசிய அந்தப் புத்தகம். முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் தி புக்'. எது என்று கேட்பவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அதை 'ஐ' உருபை வைத்து நீங்கள் தினமும் யோசிக்காமலே காட்டுகிறீர்கள். "கதவைச் சாத்து" என்றால் எந்தக் கதவு என்று தெரியும், அதனால் 'க்ளோஸ் தி டோர்'. ஆனால் மனிதர்களுக்கு இந்த வழி உதவாது. எந்த டாக்டராக இருந்தாலும் "டாக்டரைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வோம். அங்கே நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: ஆறு, மலை, நாடு இவற்றுக்கு?

பதில்: ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் 'தி' உண்டு: தி காவேரி, தி ஹிமாலயாஸ். எவரெஸ்ட் போன்ற தனிச் சிகரத்துக்கு இல்லை. நாடுகளில் பெரும்பாலும் வேண்டாம். தி மால்டீவ்ஸ், தி நெதர்லாந்த்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு.

வங்கி ஊழியர்: மெயிலில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதினேன், மேலாளர் 'அபௌட்'டை அடித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: அவர் செய்தது சரி. "கடனைப் பற்றிப் பேசினோம்" என்ற தமிழ் வாக்கியத்தின் 'பற்றி' அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு அது தேவையில்லை, 'வி டிஸ்கஸ்ட் தி லோன்' போதும். நம் ஆட்கள் செய்யும் பிழைகளில் நிறைய இந்த வகைதான். "அவரோடு கல்யாணம்" என்பதால் 'மேரீட் வித்' என்கிறோம், சரியானது 'மேரீட் டு'. "என் மேல் கோபம்" என்பதால் 'ஆங்ரி ஆன் மீ' வருகிறது, 'ஆங்ரி வித் மீ' என்று சொல்ல வேண்டும். "சென்னைக்கு வந்து சேர்ந்தேன்" என்பதில் உள்ள 'கு' உருபு 'ரீச்ட் டு சென்னை' ஆகிவிடுகிறது. 'ரீச்ட் சென்னை' தான் சரி. வேற்றுமை உருபுக்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடாதீர்கள். புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போதே 'மேரீட் டு' என்று ஜோடியாக எழுதிவையுங்கள்.

வேலை தேடுபவர்: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019' சரியா?

பதில்: இல்லை. 'ஐ ஹவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று எழுதுங்கள். தொடங்கிய காலத்துக்கு 'சின்ஸ்'. எத்தனை வருடம் என்று சொல்வதானால் 'ஃபார்': 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே இது வந்துவிடும், அதனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.