கணவாய் ஓடு முதுகெலும்பு ஆகாது

கணவாய் மீனே அல்ல. நத்தை, சிப்பி ஆகியவற்றோடு மெல்லுடலிகள் தொகுதியில் அடங்கும் முதுகெலும்பற்ற உயிரி. "உள்ளே எலும்பு இருக்கிறதே, மீன் என்று எழுதிய மகளுக்கு ஏன் மதிப்பெண் இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள்; ஆசிரியர் திருத்தியதே சரி.

குழப்பம் பெரும்பாலும் பெயரால் வருவது. 'கணவாய் மீன்' என்றே கேட்டு வாங்குகிறோம். கழுவும்போது வெள்ளை ஓடு ஒன்றும் கையோடு வருகிறது. அது கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நத்தை வெளியே சுமக்கும் ஓட்டைக் கணவாய் உடலுக்குள் சுமக்கிறது, அதன் நுண்ணறைகளில் நிறையும் வாயுவைக் கொண்டு மிதக்கவும் செய்கிறது. வகைப்பாட்டில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை சென்னை காசிமேடு மீன் சந்தையில் கணவாயோடு ஒரு சங்கரா மீனும் வாங்குங்கள். கணவாய் ஓட்டை நகத்தால் கீறினால் சாக்பீஸ் போலப் பொடி உதிரும். சங்கராவின் நடுமுள்ளிலோ முள்ளெலும்புகள் தனித்தனியே கோத்தாற்போல் வரிசையாக இருப்பதை மகள் விரலால் தடவியே உணரலாம்.

ஆனால் "எலும்பு இருந்தால்தான் மீன்" என்று மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். சுறாவின் முதுகுத்தொடர் குருத்தெலும்பாலானது. ஆயினும் அது மீன்தான். கணவாயின் உறவான ஊசிக்கணவாயிலும் (squid) இந்த வெள்ளை ஓட்டைத் தேடாதீர்கள். அதில் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தகடே இருக்கும்.