1503 படத்தில் தலைக்குள் வட்டங்கள் ஏன்?

நண்பரே, 1503ஆம் ஆண்டுத் தலைப்படத்தில் உள்ளே அறை அறையாக இருக்கிறதே, மண்டையோட்டு மேடுகளை வைத்துக் குணம் சொல்லும் படமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தக் கலை 1800 வாக்கில்தான் கிளம்பியது. உங்களுடையது கிரெகோர் ரைஷ் என்ற ஜெர்மானியத் துறவியின் கலைக்களஞ்சிய நூலில் வந்த மரச்செதுக்குப் படம்.

கண், காது, மூக்கு, நாக்கிலிருந்து கோடுகள் புறப்பட்டு முன்னறையில் சேர்வதைப் பாருங்கள். புலன்கள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன என்று நம்பினார்கள். நடு அறை சிந்தனைக்கு, பின்னறை ஞாபகத்துக்கு. முதல் இரண்டு அறைகளுக்கு நடுவே ‘வெர்மிஸ்’ என்று எழுதியிருக்கும். லத்தீனில் ‘புழு’ என்று பொருள்; இரு அறைகளுக்கும் இடையிலான வழியைத் திறந்து மூடும், புழு போன்ற மூளைப் பகுதி அது என்று நினைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மூளைச் சதையை விட்டுவிட்டு அதன் உள்ளறைகளுக்கு வேலை பிரித்திருக்கிறார்கள்!

அப்புறம், அறைகளின் நிஜ வடிவத்துக்கு, ஓவியர் லியோனார்டோ டா வின்சி மாட்டு மூளைக்குள் உருகிய மெழுகைச் செலுத்தி வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.